இருநூற்றைம்பத்தாறு போதும்

ஜூலை 3

தம்பிக்கு லேப்டாப் வாங்கியாயிற்று. கடையில் ஒன்றரை மணி நேரம். ஒலிப்பதிவுப் படிப்பில் அவனுக்கு இது கடைசி வருடம். கல்லூரிக் கணினிக்காக வரிசையில் நின்றது போதும் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தார். மூன்றும் அச்சு அசல் ஒரே மாதிரி. உள்ளே இருக்கும் இடம் மட்டும் வேறு வேறு: இருநூற்றைம்பத்தாறு ஜி.பி., ஐநூற்றுப் பன்னிரண்டு, ஆயிரம்.

"இது போர்டோட ஒட்டி வர்றதுங்க. பின்னாடி பத்தலைன்னு வந்து நின்னா மாத்த முடியாது. இப்பவே யோசிச்சு எடுத்துக்குங்க" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? பதினான்கு வருடமாக மருத்துவமனைப் பதிவறையில் நோயாளிகளின் கோப்புகளுக்கு அலமாரி ஒதுக்குவதுதான் என் பிழைப்பு. இன்று இருப்பதை அளந்து பார்க்க வேண்டும், அதைப்போல இரண்டு மடங்கு இடம் விட வேண்டும், அதற்கு மேல் விட்டால் குப்பைதான் சேரும். தம்பியின் பழைய கணினியில் மொத்தமே எழுபது. இரண்டு மடங்கு நூற்று நாற்பது. இருநூற்றைம்பத்தாறு தாராளம்.

"சவுண்டு ஃபைல் எல்லாம் பெருசா இருக்கும்க்கா" என்று தம்பி முனகினான். நாலு பேர் முன்னால் வாதாடுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

"பெருசா இருந்தா வேண்டாததைத் தூக்கிப் போடு. நாங்க எல்லாம் அப்படித்தானே வாழறோம்?"

கடைக்காரர் சிரித்தார். தம்பியும் சிரித்த மாதிரி இருந்தது. ஐநூற்றுப் பன்னிரண்டைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

ஜூலை 5

அம்மா புது லேப்டாப்பின் மேல் துண்டு போட்டு மூடி வைக்கிறாள். தூசி படுமாம். அவன் எடுக்க, அவள் மூட, அவன் எடுக்க. வீட்டில் நல்ல பொழுதுபோக்கு.

ஆகஸ்ட் 19

எதிரே இருந்த தகரக் கொட்டகையை இடித்துவிட்டார்கள். மூன்று மாடி வரப்போகிறதாம். தெருவே தூசியில் இருமுகிறது, தம்பிக்கு மட்டும் கொண்டாட்டம். அவனுடைய கடைசி வருட வேலை இதுதானாம் - ஒரு கட்டிடம் குழியிலிருந்து கூரை வரை எழும்புவதை, காதால் மட்டும் கேட்க வைப்பது. பன்னிரண்டு நிமிடம்.

"பன்னெண்டு நிமிஷத்துக்கு எட்டு மாசமாடா?"

"எட்டு மாசத்தைத்தான்க்கா பன்னெண்டு நிமிஷமா ஆக்கணும்."

கல்லூரிக் கருவியைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வருகிறான். வாரத்தில் மூன்று நாள் மாடி முகப்பில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் சத்தத்தைப் பிடிக்கிறான். பிடித்ததை லேப்டாப்பில் இறக்கிவிட்டுக் கார்டை அழித்துத் திருப்பித் தர வேண்டும், ஏனென்றால் அடுத்தவன் காத்திருப்பான். மார்ச்சில் ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்து பதினெட்டுப் பேருடையதையும் கேட்டு, ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்வார்களாம். அந்த ஒருவன் தானாக இருக்கலாம் என்று அவன் சொல்லவில்லை. சொல்லாமலே முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

செப்டம்பர் 8

இன்று அவனுடைய ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டான். குழி தோண்டுகிற சத்தம். மண் சரிவது, மண்வெட்டி கல்லில் படுவது, ஆழத்தில் யாரோ தண்ணீர் கேட்பது, மேலிருந்து வாளி இறங்குவது. தினமும் இந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். கேட்டதில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். இந்தப் பயல் கெட்டிக்காரன்தான். அவனிடம் சொல்லவில்லை, தலைகால் புரியாமல் ஆடுவான்.

அக்டோபர் 2

லேப்டாப்பில் சிவப்புக் கோடு வந்துவிட்டதாம். இடம் குறைவு. மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை!

அக்டோபர் 11

வீட்டில் சண்டை. வெளியே செருகுகிற டிஸ்க் ஒன்று வேண்டும் என்கிறான். நான் உட்கார்ந்து கணக்குக் கேட்டேன். கணினி தன்னை வைத்துக்கொள்ளவே அறுபதை எடுத்துக்கொள்கிறதாம். ஒலியை வெட்டி ஒட்டுகிற மென்பொருள் இன்னொரு அறுபது. ஒரு மணி நேரப் பதிவுக்கு இரண்டு. இதையெல்லாம் கடையில் ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னேனேக்கா" என்றான்.

சொன்னான்தான். அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா? "எடுத்ததை எல்லாம் எதுக்குடா வெச்சிருக்கே? நல்லதை வெச்சுக்கிட்டு மீதியைத் தள்ளு" என்றேன். அம்மா குறுக்கே வந்து, "நீ தள்ளு தள்ளுன்னுதான் சொல்லுவே. உன் கல்யாணப் போட்டோவையே தள்ளினவதானே" என்றாள். அது வேறு கதை, இங்கே எழுத வேண்டாம்.

கடைசியில் கூடப் படிக்கிறவனிடம் ஒரு டிஸ்க் இரவல் வாங்கிக்கொண்டான்.

டிசம்பர் 17

எதிரே இரண்டாம் மாடிக்குக் கான்கிரீட் போட்டார்கள். தம்பி குளிரில் விடியற்காலையிலிருந்து முகப்பில்.

ஜனவரி 22

இரவல் கொடுத்தவன் டிஸ்க்கைத் திருப்பிக் கேட்டுவிட்டான். அவனுக்கும் வேலை இருக்கும் இல்லையா? தம்பி எல்லாவற்றையும் மறுபடி லேப்டாப்புக்குள் திணித்தான். அதற்காகப் பாட்டு, படம், பள்ளிக்கூட நாளில் செய்தது எல்லாவற்றையும் அழித்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "பார்த்தியா, இடம் வந்துடுச்சு இல்ல?" என்று வேறு சொன்னேன்.

பிப்ரவரி 20

பன்னிரண்டு நிமிடமும் முடிகிற நிலையில் இருக்கிறதாம். அதை ஒரே கோப்பாக்கி வெளியே எடுக்க மட்டும் இடமில்லை என்று மறுக்கிறது. ஒப்படைக்க வேண்டிய நாள் மார்ச் 10.

மார்ச் 6, மத்தியானம்

ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன்.

காலையில் தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அக்கா, இடமே இல்லக்கா, பைத்தியம் பிடிக்குது" என்று சொல்லிவிட்டு, அங்கே ஒரு கணினி கிடைக்குமா என்று கேட்கக் கல்லூரிக்கு ஓடினான். லேப்டாப் மேசையில் திறந்தபடியே கிடந்தது.

நான் உட்கார்ந்தேன். பதிவறையில் செய்வதைத்தான் செய்தேன். தேதிவாரியாக அடுக்கினேன். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரைக்கும் கட்டுக்கட்டாகக் கோப்புறைகள். ஒன்றுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். இறக்கிய நாளோடு சரி, பிறகு எதையும் யாரும் தொடவில்லை. பெயரில்லாத, தொடப்படாத கோப்பை எங்கள் அறையில் ஒரு நாள் கூட விட்டு வைக்க மாட்டோம். அவன் செய்து முடித்த வேலை தனியாக, பெயரோடு, 'கட்டிடம் - இறுதி' என்று இருந்தது. அதில் கை வைக்கவில்லை. ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துக்கொண்டேன்.

ஜனவரியிலிருந்து வந்ததைப் புதுசு என்று விட்டுவிட்டு, மற்றதை எல்லாம் அழித்தேன். அழித்தவை குப்பைத் தொட்டியில் போய் உட்கார்ந்தன, இடம் கூடவில்லை. தொட்டியையும் காலி செய்தேன். நூற்றுப் பத்து ஜி.பி. வந்தது! அவன் வந்ததும் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 6, சாயங்காலம்

அந்த 'இறுதி' என்கிற கோப்புக்குள் சத்தமே இல்லையாம். எந்தச் சத்தம் எங்கே இருக்கிறது, எதை எங்கே வெட்ட வேண்டும் என்கிற குறிப்பு மட்டும்தானாம். சத்தம் எல்லாம் அந்த எண் போட்ட கோப்புறைகளில்.

எனக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னாங்களா? பேர் வெச்சிருக்கக் கூடாதா அந்தப் பயல்? ஒரு பேர்! ஒரே ஒரு பேர் எழுதி வெச்சிருந்தா நான் தொட்டிருப்பேனா?

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "எல்லாத்தையுமா?" என்று கேட்டான். அப்புறம், "தொட்டியையும் காலி பண்ணிட்டியா?" என்று கேட்டான்.

"ஆமா" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் விஷயம் புரியவில்லை. பெருமையாகச் சொல்லிவிட்டேன். அதுதான் தாங்க முடியவில்லை.

மார்ச் 7

விடுப்புப் போட்டுவிட்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். தம்பி வரவில்லை.

"பழைய காலத்து டிஸ்க்குன்னா தோண்டி எடுத்துடலாங்க. இது அப்படி இல்ல. அழிச்சா அதுவே உள்ளுக்குள்ள துடைச்சு வெச்சுடும்" என்றார் கடைக்காரர். இருந்தாலும் இரண்டு மணி நேரம் முயன்றார். பெயரில்லாத ஆயிரம் துண்டுகள் கிடைத்தன. ஒன்றைப் போட்டுக் காட்டினார். வெறும் இரைச்சல்.

டிஸ்க் இரவல் கொடுத்தவனுக்குப் போன் செய்தேன். அதில் இப்போது அவனுடைய வேலை இருக்கிறதாம். அழுதுவிட்டேன் போனில். அந்தப் பையன் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டான். யார் யாரிடம் கேட்க வேண்டியது?

மார்ச் 8

தம்பி அந்த 'இறுதி'யைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறான். சத்தம் போய்விட்டது, சத்தத்தின் அலை வடிவப் படம் மட்டும் திரையில் நிற்கிறது. கோடு கோடாக, மேடு பள்ளமாக. காதில் மாட்டவில்லை. படத்தின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே போகிறான்.

அம்மா பக்கத்தில் போய், "என்னப்பா பார்க்கிறே?" என்றாள்.

"இது குழி தோண்டினதும்மா. இது வாளி இறங்கினது. இது அன்னிக்குக் கம்பிக் கட்டு விழுந்துச்சே, அது."

அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கூடவே உட்கார்ந்து பார்த்தாள். நான் துணி துவைக்கப் போய்விட்டேன். துவைத்ததையே மறுபடி துவைத்தேன்.

மார்ச் 9

எதிரே பெயிண்ட் அடிக்கிறார்கள். சத்தமே இல்லை.

மார்ச் 10

ஜனவரியிலிருந்து பிடித்தது மட்டும் மிச்சம். அதை வைத்து நான்கு நிமிடம் செய்து கொடுத்துவிட்டு வந்தான். நானும் கல்லூரிக்குப் போனேன். படிப்பை நடத்துகிற ஆசிரியையைப் பார்த்து, தப்பு என்னுடையது, எழுதி வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன். நல்ல மனுஷிதான். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"நீங்க சொல்றது எனக்குப் புரியுதுங்க. ஆனா வர்றவங்க காதுல விழுறதைத்தான் கேப்பாங்க. இல்லாததை எப்படிக் கேப்பாங்க?"

ஒரு மாதம் கூடுதலாகக் கொடுத்தால் ஏதாவது செய்வானா என்று கேட்டேன். எதைச் செய்வது? கட்டிடம்தான் கட்டி முடிந்துவிட்டதே. மறுபடி யார் குழி தோண்டப் போகிறார்கள்?

ஏப்ரல் 4

தேறவில்லை. பதினெட்டுப் பேரில் அவன் ஒருவன்தான். ஸ்டூடியோ அந்த டிஸ்க் பையனை எடுத்துக்கொண்டதாம். தம்பியே போன் செய்து அவனுக்கு வாழ்த்துச் சொன்னான். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். குரலில் ஒரு பிசிறு இல்லை.

அடுத்த வருடம் முழுசாக மறுபடி உட்காரலாமாம். பணம் நான் கட்டுகிறேன் என்றேன். "வேண்டாம்க்கா" என்றான். கோபமாகச் சொன்னால் மல்லுக்கு நின்றிருப்பேன். சாப்பாடு போதும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னான்.

ஏப்ரல் 20

பதிவறையில் இன்று அழிக்க வேண்டிய கட்டுகள் வந்தன. நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் முத்திரை அண்ணன் - முத்திரை குத்துவதே அவர் வேலை, பெயரும் அதுவே ஆகிவிட்டது - "என்னம்மா, நாவலா படிக்கிறே? சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்" என்றார்.

ஒன்றில் ஒரு குழந்தையின் எடையை வாரா வாரம் குறித்திருந்தது. ஏழாவது வாரத்தோடு நின்றுவிட்டது. இதை எப்படி இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு கிழித்தேன்? மொத்தக் கட்டையும் திரும்ப அலமாரியில் வைத்தேன். மேலதிகாரி கூப்பிட்டுத் திட்டினார். நாளைக்கு வேறொருத்தி கிழிப்பாள்.

மே 15

தம்பிக்குப் பார்சல் கிடங்கில் வேலை. பெட்டிகளை முகவரிவாரியாகப் பிரித்துப் போட வேண்டும். பெல்ட் ஓடுகிற இரைச்சலுக்குக் காதில் பஞ்சு கொடுக்கிறார்களாம். அம்மா அதைக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மே 28

அவன் முகப்புப் பக்கமே வருவதில்லை. எதிர்க் கட்டிடத்தில் ஆள் குடிவந்துவிட்டார்கள்.

ஜூன் 12

லேப்டாப்பை விற்கப்போவதாகத் தம்பி தெருமுனைக் கடையில் சொல்லி வைத்திருந்தான். இன்று ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் கல்லூரியில் சேரப்போகிறாள். அந்த அம்மா என்னை மாதிரியே விறைப்பு. உட்கார்ந்ததுமே, "இருநூத்தி அம்பத்தாறுன்னு சொன்னாங்க. ஒரு ஸ்டூடண்டுக்கு அது போதுமாங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

எதற்கும் பட்டென்று பதில் சொல்கிறவள் நான். தம்பியைப் பார்த்தேன்.

தம்பிதான் அந்தப் பெண்ணிடம் திரும்பி, "நீங்க என்ன படிக்கப் போறீங்க?" என்று கேட்டான். கணக்கியல் என்றாள். "அதுல என்னென்ன செய்வீங்க? வீடியோ, சவுண்டு மாதிரி ஏதாவது வருமா? வேற ஏதாவது செய்யணும்னு ஆசை இருக்கா?" அவள் முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் முழுசும் கேட்டான். அன்று கடையில் நின்ற ஒன்றரை மணி நேரத்தில் நான் அவனிடம் இதைக் கேட்கவே இல்லை.

"அப்போ இது உங்களுக்குத் தாராளமா போதும்" என்றான். "உள்ள ஒண்ணும் இல்ல. எல்லாம் காலிதான்."

அந்தப் பெண்ணுக்கு அவனைப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டே, "நீங்க இதுல என்னண்ணா படிச்சீங்க?" என்று கேட்டாள்.

"நான் படிக்கலம்மா. பார்சல் கிடங்குல வேலை" என்றான்.

சரி என்று தலையாட்டினாள். நான் இருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.