திரை கறுத்துக் கிடந்த அன்று

சிர்சி,
ஆஷாட மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் மேதாவுக்கு ஆயி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். இன்றைக்கு இப்படி எழுதுவது நிஜம், போன வாரம் எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருக்க மாரிகாம்பாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் எல்லாம் நல்லபடி என்று மட்டும் சொல்லி வைத்தேனே, என்ன செய்ய, போன் இருப்பது அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், கை கால் நாக்கு எல்லாம் ஓய்ந்தாலும் காது மட்டும் அப்படியே இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

மழை மூன்று வாரமாக விடவில்லை, பாக்குக் குலைக்கு மருந்து அடிக்க ஆளும் ஏற முடியவில்லை, காய் உதிர்கிறது, அது போகட்டும். இரண்டு வாரத்துக்கு முன் செவ்வாய்க்கிழமையிலிருந்தே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. புதன் காலையில் டாக்டர் காமத் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு என்னையும் பரமேசுவர சித்தப்பாவையும் சமையலறைக்குக் கூட்டிப் போய், ஹூப்ளி ஆஸ்பத்திரியில் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்து மூச்சு மெஷினில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த மழைக்காலம் தாண்டுவது கஷ்டம், வைத்தால் அப்புறம் எப்போதும் அதோடுதான் இருக்க வேண்டும் என்றார். அவரே திரும்பி வந்து குனிந்து, விஷயத்தைச் சொல்லி, மாஸ்டரே உங்களுக்குச் சம்மதமா என்று அப்பாவைக் கேட்டார். ஒரு தடவை இமைத்தால் ஆமாம், இரண்டு தடவை இமைத்தால் இல்லை, உனக்குத் தெரிந்ததுதானே. ஆனால் இப்போது இமையும் சோர்ந்துவிட்டது. மூடினார், பாதி திறந்தார், மறுபடி மூடினார். சித்தப்பா உடனே, அண்ணன் ஆமான்னுட்டான் என்றார். எனக்கு இரண்டாகத் தெரிந்தது. டாக்டர் இன்னொரு தடவை கேட்டபோது கண்ணை மூடியே வைத்திருந்தார், ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. இதை வச்சு நான் எதையும் முடிவு பண்ண முடியாதும்மா, சாயங்காலம் ஆம்புலன்ஸ் வரச் சொல்றேன், அதுக்குள்ள அவர் வாயிலேர்ந்து தெளிவா வாங்கி வைங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய வாய் எது, திரையில் ஓடும் எழுத்தை மிச்சமிருக்கும் அந்த ஒரு கட்டைவிரலால் பொத்தான் அழுத்திப் பிடித்து எழுதுவாரே, அந்தப் பழைய கம்ப்யூட்டர்தானே. அது முந்தின நாள் இடிக்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. பெட்டியின் பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு, உள்ளேயிருந்து நீளநீளமாக ஒரு சத்தம். நீ அனுப்பிய லேப்டாப்பில் அவர் கட்டைவிரல் பொத்தானைச் செருக இடமே இல்லை என்று அப்போதே பார்த்தோமே. சித்தப்பா, இடி தின்னுடுச்சு அண்ணி, பழைய இரும்புக்குக்கூட எடுக்க மாட்டான், அண்ணன் சொன்னதை நான் பார்த்தேன், பெட்டியைக் கட்டு என்று ஒரே பிடியாக நின்றார். நீ பார்த்தது ஒண்ணு, நான் பார்த்தது ரெண்டு, தப்பா எடுத்துக்கிட்டுப் போய்த் துளை போட்டுட்டா அவர் எந்த வாயால நம்மளத் திட்டுவார் என்று கேட்டேன்.

அந்த எழுத்து ஓடும் ஏற்பாட்டைச் செய்து கொடுத்த பின்டோ சாருக்கு கும்டாவுக்குப் போன் போட்டேன். மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்கிறது, என்னால வர முடியாது அக்கா, போனை அந்தப் பெட்டிகிட்ட பிடிங்க, சத்தம் கேக்கட்டும் என்றார். கேட்டுவிட்டு, நல்ல செய்தி, செத்தது அழாது, மெமரின்னு சொல்ற ஞாபகப் பட்டையைக் காணோம்னு கத்துது, அவ்வளவுதான் என்றார். அவர் போனில் சொல்லச் சொல்ல பிளக்கைப் பிடுங்கி, திருகைக் கழற்றி, மூடியை எடுத்தால் மூலையில் எறும்பு மண்ணோடு குடியிருக்கிறது. சித்தப்பாவிடம் டார்ச்சைக் கொடுத்து, வாதாடினது போதும், கை ஆடாமப் பிடி என்றேன். அந்த நீளப் பட்டையின் மஞ்சள் பல்லெல்லாம் ஈரத்தில் கறுத்திருந்தது. பின்டோ சார் அதைக் கழற்றிப் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்க்கச் சொன்னார். தேய்த்து, டக்கென்று உட்காரும்வரை அழுத்தி, போட்டால் மறுபடி அதே அழுகை. பக்கத்துப் பள்ளத்துல மாத்திப் போடுங்க அக்கா என்றார். போட்டேன். சத்தம் நின்றது. திரையில் வெளிச்சம் வந்தது, ஆனால் எழுத்து ஓடவில்லை, ஏதோ இங்கிலீஷில் திட்டிவிட்டு நின்றது. உள்ளே இருக்கும் சின்ன பாட்டரி தீர்ந்து, புரோகிராம் இருக்கும் தன் வட்டு எதுவென்றே அதற்கு மறந்துவிட்டதாம். நான் ஒவ்வோர் எழுத்தாகப் படிக்க, அவர் இதை அழுத்துங்க, கீழே போங்க, இப்ப அதை என்று சொல்ல, நடுவில் கரண்ட் போய் எல்லாம் முதலிலிருந்து. அப்பா கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார், நெற்றியெல்லாம் வேர்வை, நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுகிறது.

கடைசியில் எழுத்து ஓட ஆரம்பித்தபோது ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றாகிவிட்டது. பொத்தானை அப்பாவின் கட்டைவிரலுக்கடியில் வைத்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் எவ்வளவு நேரம் என்று உனக்குத் தெரியும். உன்னால என்று வந்தது. சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். மேதா, உன்னால இப்படி ஆச்சு என்று எழுதப் போகிறாரோ என்று நினைத்துவிட்டேன். அப்புறம்தான் முடியுமா என்று வந்தது. உன்னால முடியுமா. அவர் ஆமாமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை, காலையிலிருந்து இதைத்தான் கேட்கப் பார்த்திருக்கிறார். இமையால் பதில்தான் சொல்ல முடியும், கேள்வி எப்படிக் கேட்பது? டாக்டரும் சித்தப்பாவும் நானும் அவரைத்தான் கேட்டோம், என்னை ஒருவரும் கேட்கவில்லை, எனக்கே தோன்றவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். பிறகு சொன்னேன், முடியற வரைக்கும் பார்த்துப்பேன், முடியலைன்னா ஒளிக்காம உங்ககிட்டயே சொல்லுவேன், ராத்திரிக்கு ஓர் ஆள் வச்சே ஆகணும், அதுக்கு நீங்க முகம் சுளிக்கக் கூடாது என்று. அவர் எழுதினார், சரி போவோம். சித்தப்பா டார்ச்சை அணைக்கக்கூட மறந்து வெளியே போய் மழையில் நின்றார்.

துளை போட்டாயிற்று, நேற்று வீடு வந்து சேர்ந்தோம். குழாயில் சளி எடுக்கக் கற்றுக்கொண்டேன், முதல் நாள் நர்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது, இப்போது வேண்டாம். இரவுக்கு சித்தாபுரத்திலிருந்து சாவித்ரி என்று ஒருத்தி வருகிறாள், நல்ல பெண். ஆஸ்பத்திரிச் சுவர் நிறம் வாந்தி நிறம் என்று அப்பா எழுதினார், ஆக ஆள் தேறிவிட்டார்.

நீ உடனே டிக்கெட் எடுக்க வேண்டாம், தசராவுக்கு வந்தால் போதும். குழந்தைக்கு வெறும் ரொட்டியைக் கொடுத்து வளர்க்காதே, சோறு ஊட்டு. உங்கள் எல்லோருக்கும் அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும். ஒன்று மட்டும் நினைவு வைத்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அவரிடமே நேராகப் பேசு, அவர் எழுதுவதை நான் வாசித்துச் சொல்கிறேன், எங்கள் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லையென்றால் லைன் போயிற்றென்று வைத்துவிடாதே, அப்பா எழுதிக்கொண்டிருப்பார்.

உன் ஆயி,
பாகீரதி