வக்கீலாத்து மோட்டார்

1933 மார்ச் 5, ஞாயிறு

இன்று காலை எங்கள் ஆத்துக்கு மோட்டார் வந்தது. இரண்டு எருதுகள் இழுத்துக்கொண்டு வந்தன.

அடையாற்றில் காலமான ஒரு ஜமீன்தாருடைய வண்டி. இருபது வருஷத்துக்கு முன்னால் சீமையிலிருந்து கப்பலில் வந்ததாம். அவர் போன பிறகு குதிரை லாயத்தில் கிடந்து, கோழிகள் குடியேறிவிட்டன. பின்சீட்டில் ஒரு கோழி இன்னும் இருந்தது. இறங்க மாட்டேன் என்றது. விளக்குகளில் பித்தளை தெரியாமல் களிம்பு. சக்கரத்தில் டயருக்குப் பதில் வைக்கோல் பிரி.

இவர் கோட்டும் தலைப்பாகையுமாக எருதுகளுக்கு முன்னால் நடந்து வந்தார். சுவாமி புறப்பாடு தோற்றது. மயிலாப்பூரில் பாதி எங்கள் வாசலில்.

எல்லாம் எதற்கு? வட்டத்துக் கார்ப்பொரேஷன் மெம்பர் காலமாகிவிட்டார். மே மாதம் இடைத்தேர்தல். வக்கீல் கோதண்டபாணி, பி.ஏ., பி.எல்., அதாவது இவர், நிற்கிறார். எதிரே அரிசி மண்டி மாசிலாமணி முதலியார். அவரிடம் புது மோட்டார் இருக்கிறது.

"ஓட்டரை யார் மோட்டார்ல ஏத்திண்டு போறானோ அவன்தான் ஜெயிப்பான்" என்றார்.

"கொள்கைன்னு ஒண்ணு வேண்டாமா?" என்றேன்.

"அது நோட்டீஸ்ல வரும்."

மார்ச் 7

மாட்டுக் கொட்டகை மோட்டாருக்கு, மாடு வேப்பமரத்தடிக்கு. மோட்டார் நகரவில்லை. மாடு கறக்கவில்லை.

மார்ச் 12

மெக்கானிக் வந்தார். மெஹபூப் அலி. குடியிருப்பது கச்சேரி ரோட்டுக்குப் பின்சந்தில், பட்டறை திருவல்லிக்கேணியில். வண்டியை மூன்று தரம் சுற்றி வந்தார். பானெட்டைத் தட்டினார். உள்ளே எலி ஓடிற்று.

"வக்கீல் சாப், இது வண்டி இல்ல, பேகம். பதினஞ்சு வருசமா கோவிச்சுக்கினு குந்திக்கினு கீது. நான் பேசிப் பாக்கறேன்."

எத்தனை மோட்டார் பார்த்திருக்கிறீர் என்று இவர் கேட்டார். மெஹபூப் அலி ஒரு நவாபின் மோட்டாருக்கு உயிர் கொடுத்த கதையைச் சொன்னார். மத்தியானம் அதே கதையில் நவாப் மகாராஜாவாகிவிட்டார். சாயங்காலம் போவதற்குள் மோட்டாரே கப்பலாகிவிடும் என்று பயந்தேன்.

மார்ச் 20

கொட்டகையில் இடம் போதாமல் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, மோட்டாரை அக்கக்காகக் கழற்றிப் பரப்பியிருக்கிறார்கள். சமையலறைக்குப் போக வழி கேட்டுக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

இவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து மோட்டார் புத்தகத்தை இங்கிலீஷில் உரக்க வாசிக்கிறார். மெஹபூப் அலி, "கரெக்ட் சாப், அதேதான் சாப்" என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ செய்கிறார். இருவருக்கும் பரம திருப்தி. பூட்டியது போக மிஞ்சிய திருகாணிகளைப் பற்றிக் கேட்டால், "சீமைக்காரன் எப்பவும் நாலு ஜாஸ்திதான் போடுவான்" என்கிறார்.

அவர் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, மேலே யாராவது பெடலை மிதிக்க வேண்டும் என்றார். இவர் வேஷ்டியில் எண்ணெய் படும் என்றார். நான் மிதித்தேன். எந்தப் பெடல் எதை இழுக்கிறது என்று கீழேயிருந்து கத்திக்கொண்டே இருந்தார். காதில் விழுந்துகொண்டே இருந்தது.

மார்ச் 29

கிளம்பிவிட்டது!

ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றி மெஹபூப் அலிக்குத் தோள்பட்டை வீங்கியது. திடீரென்று ஒரு வெடி. பிறகு நாலைந்து வெடிகள். அப்புறம் உடம்பெல்லாம் உதற, நின்ற இடத்தில் பேகம் ஆடினாள். எதிர்த்த வீட்டு ஜட்காக் குதிரை மிரண்டு ஓட, லஸ் வரைக்கும் போய்ப் பிடித்து வந்தார்கள். எனக்கு ஏனோ கண்ணில் ஜலம் வந்துவிட்டது. புகை என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 3

புது டயர் போட்டாயிற்று. தினம் விடியற்காலையில் அடையாறு வரைக்கும் வெள்ளோட்டம். இவருக்கு மெஹபூப் அலி பேரில் நம்பிக்கை இல்லை. "வண்டியை எடுத்துண்டு ஊர் சுத்தினா யாருக்குத் தெரியும்? நீ கூடப் போய் உட்காரு" என்றார். எனக்குத் துணையாக மெஹபூப் அலியின் சம்சாரம் ஷம்ஷாத், பர்தாவோடு. ஆக, உளவு பார்க்க நான், எனக்குக் காவலாக அவள்.

பாலம் தாண்டி, ஆளில்லாத ரோட்டில் ஷம்ஷாத் சொன்னாள்: "அக்கா, நீ ஓட்டேன். இந்த ஆளு ஓட்டறத விட நீ மெதுவாத்தான் இடிப்பே."

ஓட்டினேன். எதையும் இடிக்கவில்லை. ஆலமரம் ஒன்று எதிரே வந்தது. நானே திருப்பினேன், அது போய்விட்டது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நான் திருப்பி ஒன்று திரும்பியது இதுவே முதல் தடவை.

ஏப்ரல் 8

அறுபத்துமூவர். இத்தனை ஜனம் எப்போது கிடைக்கும் என்று இவர் பேகத்தை மாடவீதிக்கு எடுத்துவரச் சொல்லி, பின்சீட்டில் நின்றுகொண்டு கும்பிட்டபடியே வந்தார். தெற்கு மாடவீதி நடுவில் வண்டி நின்றுவிட்டது. சீமைக்காரன் ஜாஸ்தியாகப் போட்ட திருகாணிகளில் ஒன்று வேண்டியிருந்ததாம்.

பின்னால் நாயன்மார்கள் வரிசையாக நிற்கிறார்கள். முன்னால் பானகப் பந்தல். தண்ணீர்ப் பந்தல்காரர்களும் பல்லக்குத் தூக்கிகளும் சேர்ந்து பேகத்தைத் தள்ளினார்கள். இவர் இறங்கவில்லை. தள்ளுகிறவர்களைப் பார்த்து, "உங்கள் ஆதரவு" என்று கும்பிட்டார்.

"எறங்குய்யா, கனக்குது!" என்றது ஓர் ஆதரவு.

ஏப்ரல் 24

லைசென்ஸ் பரீட்சை, பீச் ரோட்டில். டிரைவர் சங்கரனை அமர்த்தியாகிவிட்டது என்றாலும், தனக்கும் ஒரு லைசென்ஸ் இருந்தால் கௌரவம் என்று இவர் போனார். ஹேண்டில் சுற்ற மெஹபூப் அலி. நானும் ஷம்ஷாத்தும் பின்சீட்டில்.

போலீஸ் சார்ஜென்ட் முன்னால் போகச் சொன்னார். வண்டி பின்னால் போயிற்று. சுண்டல்காரர் கூடையைப் போட்டுவிட்டுக் கடல் பக்கம் ஓடினார். இவர் பீனல் கோடில் ஏதோ ஒரு செக்ஷனைச் சொன்னார். சார்ஜென்ட், போதும் என்று கையைக் காட்டினார்.

மெஹபூப் அலி சும்மா இருக்க மாட்டார். "சாப், இந்த அம்மா ஓட்டும்" என்று சொல்லிவிட்டார். சார்ஜென்டுக்கு வேடிக்கையாக இருந்தது போலிருக்கிறது. ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். திருப்பச் சொன்னார், நிறுத்தச் சொன்னார். செய்தேன்.

லைசென்ஸ் எனக்குக் கொடுத்தார்கள். வரும் வழியெல்லாம் இவர் கடலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 25

பேச்சு இல்லை. ரசம் மட்டும் இரண்டு தரம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மே 12, வெள்ளி

கை வலிக்கிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்று தேர்தல். காலையில் சங்கரன் வரவில்லை. விசாரித்தால், மாசிலாமணி முதலியார் மோட்டாரை ஓட்டிக்கொண்டிருக்கிறானாம். அங்கே டிபன் உண்டாம். மெஹபூப் அலிக்கோ, தோள்பட்டை மறுபடி வீங்கிவிட்டது; ஒற்றைக் கையால் ஹேண்டில் சுற்றலாம், ஸ்டியரிங் பிடிக்க முடியாது.

இவர் கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். கடைசியில் என் முன்னால் வந்து நின்றார்.

"சரி, நீயே ஓட்டு. ஆனா தலையைக் குனிஞ்சுண்டு ஓட்டு. யாருக்கும் தெரியப்படாது."

"தலையைக் குனிஞ்சா ரோடு தெரியாதே."

"ஒண்ணு சொன்னா ஒண்ணு சொல்லாதே."

பொம்மனாட்டி ஓட்டுகிறாள் என்ற செய்தி பேகத்தை விட வேகமாக ஓடிற்று. ஷம்ஷாத் ஓடிவந்து, "நீயா ஓட்டறே? அப்ப எங்க பொம்பளைங்க வருவாங்க" என்றாள். கச்சேரி ரோட்டுப் பின்சந்துகளில், பட்டியலில் பேர் இருந்தும் எந்தத் தேர்தலுக்கும் வெளியே வராத கோஷாப் பெண்கள். அந்நிய ஆண் ஓட்டுகிற வண்டியில் எப்படி ஏறுவார்கள்? இவர் உடனே பின்சீட்டைச் சுற்றி என் பழைய புடவைகளைத் திரையாகக் கட்டச் சொன்னார். "இது மாசிலாமணிக்குத் தோணுமோ? மூளை வேணும்!" என்று தன் தலைப்பாகையைத் தொட்டுக்காட்டினார்.

ஏற்றினேன், இறக்கினேன். திரைக்குப் பின்னால் ஒரே சிரிப்பும் அத்தர் வாசனையும். கைசர் ஜஹான் என்று ஒரு கிழவி, ஓட்டுப் போட்டுத் திரும்பி வந்த பிறகும் இறங்க மறுத்து இன்னொரு சுற்று வந்தாள். மத்தியானத்துக்கு மேல் நொச்சிக்குப்பத்திலிருந்து மீன்காரப் பெண்கள். அவர்களில் கெங்கம்மா என்பவள் முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"ஓட்டு யாருக்குன்னு தெரியுமோல்லியோ?" என்று கேட்டேன்.

"தெரியாம இன்னாம்மா? மாசிலாமணிக்குத்தான்."

பிரேக்கை மிதித்துவிட்டேன்.

"இன்னாத்துக்கு நிறுத்தினே? வண்டி உங்க வண்டி, நல்லாக்கீது. ஆனா போன கோடையில குழாயில காத்துதான் வந்துச்சு. அவுருதானே மண்டிக் கிணத்தத் தொறந்து வுட்டாரு? இந்தக் குப்பம், அந்தச் சந்து, எல்லாப் பொம்பளைங்களும் அங்கதான் மொண்டோம். இட்டுக்கினு போறியா, எறங்கி நடக்கட்டுமா?"

திரைக்குப் பின்னால் சிரிப்பு நின்றிருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

என்ன செய்வது? வெயிலில் இறக்கிவிடுவதா? கியரைப் போட்டேன். போலிங் வாசலில் இவர், திரையை விலக்கிக்கொண்டு இறங்கிய ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டார்.

வீடு என் பேரில் இருப்பதால் எனக்கும் ஓட்டு உண்டு. நானும் போட்டேன். யாருக்கு என்று இவர் கேட்கவில்லை. கேட்காதது நல்லது.

மே 13

தோற்றுவிட்டார். கொஞ்சம் வித்தியாசத்தில்தான். பெண்கள் வராமல் இருந்திருந்தால் இவர்தான் மெம்பராம். மாசிலாமணி முதலியாரே சொல்லி அனுப்பியிருக்கிறார். கூடவே எனக்கு ஒரு பூமாலை.

"நீ ஏத்திண்டு வந்தவாதான் என்னைத் தோக்கடிச்சா" என்றார்.

"ஏத்தச் சொன்னது நீங்கதானே?"

"ஏத்தத்தானே சொன்னேன்!"

மே 21

பேகத்தை ஒரு ஹோட்டல்காரருக்குப் பேசி முடித்துவிட்டாராம். வாசலில் நிறுத்தி மேலே போர்டு மாட்டப் போகிறார்களாம், 'இங்கு சுத்தமான நெய் உபயோகிக்கப்படும்' என்று. நாளைக்கு எருதுகள் வரும்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "வீடு என் பேர்ல. கொட்டகை என் பேர்ல. லைசென்ஸும் என் பேர்ல. எருது வந்தா திருப்பி அனுப்பிடுவேன்" என்றேன். சொல்லிவிட்டேனே!

இவர் மாடிக்குப் போய்விட்டார். பாவமாகத்தான் இருந்தது. பாவம் என்பதற்காக வாபஸ் வாங்குவதா?

ஜூன் 2

காலையில் ஷம்ஷாத் தலைதெறிக்க ஓடிவந்தாள். பக்கத்து வீட்டு அமீனா பீக்குப் பிரசவ வலி. முந்தின நாளிலிருந்தே வலிக்கிறது. குழந்தை திரும்பவில்லை என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ரிக்ஷாவில் ஏற மாட்டேன் என்கிறாள்.

புடவைத் திரையை மறுபடி கட்டினோம். மெஹபூப் அலி ஹேண்டிலைச் சுற்றினார், கிளம்பவில்லை, திட்டினார், கிளம்பவில்லை, கெஞ்சினார், கிளம்பிவிட்டாள். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி வரைக்கும் ஹார்னை அமுக்கிக்கொண்டே போனேன். பின்னாலிருந்து வந்த குரலைக் கேட்கக்கூடாது என்றுதான் அமுக்கினேன்.

பெண் குழந்தை. இருவரும் பிழைத்தார்கள். ரோட்டோரம் உட்கார்ந்து நானும் ஷம்ஷாத்தும் அழுதோம்.

ஜூன் 5

அமீனா பீயின் தகப்பனார் ஒரு தட்டு நிறையப் பேரீச்சையும் கல்கண்டும் கொண்டுவந்து இவர் முன்னால் வைத்தார். "வக்கீல் அய்யா வண்டி இல்லேன்னா என் பொண்ணு இல்ல" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

இவர் வழக்கம்போல் கும்பிடக் கையைத் தூக்கினார். பாதியிலேயே கை நின்றுவிட்டது. அவர் போன பிறகு, "ஓட்டு ஒண்ணும் கேக்கலையே நான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஜூலை 3, திங்கள்

கோடை விடுமுறை முடிந்து ஹைகோர்ட் திறந்தது. காலையில் ஜட்காவில் போனவர், சாயங்காலம் மழை வரும் போலிருக்கிறது, வர முடியுமா என்று குமாஸ்தாவிடம் சொல்லி அனுப்பினார். வானத்தில் மேகமே இல்லை. மெஹபூப் அலி ஹேண்டில் சுற்றிவிட, தனியாகவே போனேன்.

கோர்ட் வாசலில் ஒரு கூட்டம் வக்கீல்கள். இவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் பேகம் அணைந்துவிட்டாள். நான் இறங்கினால் ஹேண்டில் சுற்றலாம். உள்ளே பெடலை யார் மிதிப்பது? "என்ன கோதண்டபாணி, டிரைவர் ஒத்துழைக்கலியோ?" என்று யாரோ கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. கதவு திறக்கிற சத்தம் கேட்டது. இறங்கி ஜட்காவில் போகப்போகிறார் என்று நினைத்தேன்.

வண்டிக்கு முன்னால் வந்து நின்றார். கோட்டைக் கழற்றி, கிண்டல் செய்தவர் கையிலேயே கொடுத்தார். தலைப்பாகையையும் கொடுத்தார். குனிந்து ஹேண்டிலைச் சுற்றினார். கிளம்பவில்லை. கட்டுக்குடுமி அவிழ்ந்து தொங்கிற்று. மறுபடி சுற்றினார். யாரும் இப்போது சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். எனக்கு இவரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

பேகம் ஒரு வெடி வெடித்து எழுந்தாள்.

இவர் கோட்டை வாங்கிக்கொண்டார். மூச்சு வாங்கச் சுற்றி வந்து, பின்கதவைத் தாண்டி, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"போலாம், தர்மு" என்றார்.