இரண்டு முறை கூட்டிய சுருக்கம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே இருவருக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, பேச்சுவார்த்தைக்குத்தான் குறை. அந்த இருமலுக்கு மருத்துவரைப் பார்த்தாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

திங்கட்கிழமை நீயும் அப்பாவும் போனில் கத்திவிட்டு வைத்ததற்கு முன்னும் பின்னும் நடந்ததை எழுதுகிறேன், ஏனென்றால் இரண்டு பேரும் பாதிக் கதையை வைத்துக்கொண்டுதான் சண்டை போடுகிறீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிறாரே, நம் கட்டில்காரர், அவருக்காக நீ வரைந்த பிளாஸ்டிக் கியரை முப்பது எடுத்து, ஒரு நாள் ஆறவிட்டு நானே அளந்தேன். குறுக்கே ஐம்பது மில்லிமீட்டர் இருக்க வேண்டியது முப்பதும் ஐம்பத்தொன்று. கட்டிலின் தலைப்பக்கத்தைத் தூக்கும் பெட்டிக்குள் வைத்தால் பக்கத்து கியரோடு இறுகி நின்றுவிடுகிறது. பிளாஸ்டிக் ஆறினால் சுருங்கும், அதற்காக அதை வார்க்கும் எஃகு மோல்டை நூற்றுக்கு இரண்டு பெரிதாக வெட்ட வேண்டும், இது நம் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். அப்பாவுக்கு வேலை மிச்சம் என்று நீ வரைபடத்திலேயே அதைக் கூட்டி அனுப்பினாய். யார் வரைந்து அனுப்பினாலும் சுருக்கத்தைத் தானே கூட்டுவது அப்பாவின் பழக்கம், அதன்மேல் அவரும் கூட்டினார். சமையலில் உப்பு கூடினால் தண்ணீர் ஊற்றலாம், எஃகை வெட்டிய பிறகு ஒட்ட முடியுமா?

மெயிலில் எழுதியிருந்தேனே என்கிறாய். எழுதியிருந்தாய், பதினோராவது வரியில், உன் வீட்டு லிஃப்ட் நின்றுபோன கதைக்குக் கீழே. வரைபடத்தில் ஒரு சொல் இல்லை. அப்பா வரைபடத்தை மட்டும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு இறங்கிவிட்டார். கேட்டால், "கதை படிக்கவா பட்டறை வெச்சிருக்கேன்" என்கிறார். நீயோ, "நான் சொன்னா என்னிக்கும்மா அவர் காதுல ஏறியிருக்கு" என்கிறாய். மோல்டு வெட்டிய சித்தப்பா, "அண்ணி, குடுத்த அளவுக்கு வெட்டினேன், என்னை இழுக்காதீங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். சரி, எல்லோரும் நல்லவர்கள், கியர்தான் கெட்டது.

நேற்று கட்டில்காரர் நேரிலேயே வந்துவிட்டார். "அடுத்த வெள்ளிக்குள்ள சரியா வரலேன்னா வேற எடத்துல குடுத்துடுவேங்க்கா, தப்பா நினைக்காதீங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். மோல்டில் கியரின் பல் வரும் பகுதியை மட்டும் புதிதாக வெட்டிப் பொருத்தினால் போதும், நான்கு நாள் வேலை. எஃகு வந்து மெஷினில் ஏற்றியும் ஆயிற்று. அப்பா வெட்டச் சொல்லவில்லை. சித்தப்பா கேட்டால் இன்னும் அளவு பார்க்கணும் என்கிறார். வீம்பு என்று நானும் நினைத்தேன். இன்று அவர் மேசையைத் துடைக்கப் போனால், ஒரே கணக்கைத் தாளில் ஏழு தடவை போட்டிருக்கிறார், ஏழிலும் மோல்டுக்கு ஒரே விடை, ஐம்பத்தொன்று. முப்பது வருடம் மனக்கணக்காகவே சொன்ன மனிதர். வீம்பில்லை, பயம். அந்த அளவை உன் வாயால் ஒருமுறை கேட்டால்தான் மெஷினை ஓட்டச் சொல்வார், அதை உன்னிடம் கேட்கவும் மாட்டார்.

ஆகவே இன்னொரு மெயில் எழுதாதே. மன்னிப்பும் வேண்டாம், விளக்கமும் வேண்டாம். இது கைக்கு வந்த மறுநாள் காலை எட்டு மணிக்குப் பட்டறை போனில் கூப்பிட்டு, "அப்பா, ஐம்பத்தொண்ணு, சுருக்கம் சேத்து" என்று மட்டும் சொல்.

நோய்நொடி இல்லாமல், நல்ல தூக்கத்தோடு, உன் வேலையில் நன்றாக இரு. நான் போனை எடுத்தால் என்னோடு பேசிக்கொண்டு நிற்காதே, அவரைக் கூப்பிடச் சொல்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் நடுவில் நிற்கும்
அம்மா