எங்கள் தெருவுக்கு வந்த பதில்

இன்று காலை கடையில் ஒருவர் பைப்புக்கு எல்போ பொறுக்கிக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் இருந்த செல்போனில் சட்டப்பேரவை ஓடியது. யாரோ ஒரு உறுப்பினர் தெருநாய்த் தொல்லை பற்றிக் கேட்டார். அமைச்சர் படித்தார்: “ஆம், ஐயா.” என் கையிலிருந்த வாஷர்கள் சிதறிவிட்டன. நீ போன பிறகு அந்த வார்த்தை என் காதில் விழுந்ததே இல்லை.

கூட்டத்தொடர் வந்தால் நம் வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். உறுப்பினர்கள் கேட்கிற கேள்விகளுக்கு விவரம் சேகரித்து, அமைச்சர் அவையில் படிக்கப்போகும் பதிலை எழுதித் தருவது உள்ளாட்சித் துறையில் உன் பிரிவின் வேலை. உழவர்கரையில் எரியாத விளக்கு, வீராம்பட்டினத்தில் ஒழுகுகிற மீன் அங்காடி, இடிந்த சுடுகாட்டுச் சுவர் எல்லாம் உன்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வரும். சாப்பிடும்போது நான் வம்புக்கு இழுப்பேன்: “இன்னைக்கு குழம்புல உப்பு போட்டியா?”

“ஆம், ஐயா. குறைவு என்பது அரசின் கவனத்துக்கு இதுவரை வரவில்லை.”

சிரித்தால் உனக்குப் புரை ஏறும். தண்ணீர் எடுத்து வருவது என் வேலை.

சைக்கிளில் பைப் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக விற்று, பிறகு மூலக்குளத்தில் கடை போட்டவன் நான். எதிலும் நமக்கு என்ன சாதகம் என்று பார்ப்பது எனக்குப் பழக்கம். நம் தெரு வாய்க்கால் அடைத்துக்கொண்டு, மழை பெய்தால் பின் வீட்டுக் கஸ்தூரி அக்கா வீட்டுக்குள் தண்ணீர் போகும். அவர் வீட்டுக்காரர் முன்பு மில்லில் வேலை பார்த்தவர், பக்கவாதத்தில் படுத்துவிட்டார். ஒவ்வொரு மழைக்கும் அவர் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவோம். நம் எம்.எல்.ஏ.விடம் போய், பேரவையில் கேள்வி போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். வாய்க்கால் அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் புகுவது உண்மையா என்று கேள்வியை நானே எழுதிக்கொடுத்தேன். அது சுற்றிச் சுற்றி உன் மேசைக்கே வந்தது.

அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. “கேள்வியும் நம்மளுது, பதிலும் நம்மளுது. ஜோரா எழுதிடு” என்றேன்.

நீ சிரிக்கவில்லை. “அதனாலதாங்க நான் எழுதக் கூடாது.”

மறுநாளே உன் சூப்பரிண்டெண்டிடம் போய், இது என் வீட்டுக்காரர் கேட்ட கேள்வி, வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறாய். அவர், “எந்தத் தெருவைக் கேட்டாலும் நம்ம ஆளு ஒருத்தர் அங்க குடியிருப்பாரு. எழுதும்மா” என்று அனுப்பிவிட்டார். அதற்குள் எங்கள் பகுதி இளநிலைப் பொறியாளர், ஜே.இ., அனுப்பிய அறிக்கையும் வந்துவிட்டது: வாய்க்கால் தூர்வாரப்பட்டுள்ளது, மழைநீர் தேங்குவதில்லை.

அப்படியென்றால் பதில் “இல்லை, ஐயா.” அது அவையில் பதிவாகிவிட்டால் அப்புறம் அந்த வாய்க்கால் பக்கம் ஒருத்தரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். பேரவையிலேயே சொல்லியாச்சே என்பார்கள். உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் அது.

“மழைன்னா புடவையைத் தூக்கிக்கிட்டுத்தானே ஆபீஸ் போற? கண்ணால பாத்ததை எழுதறதுக்கு என்ன?” என்று கத்தினேன்.

“நான் பாத்தது செல்லாதுங்க. கேள்வி கேட்டவரு பொண்டாட்டி பாத்தது அது. பாக்க வேண்டியவர் பாக்கணும்.”

அன்று உன்மேல் எனக்கு வந்த கோபம்! சாப்பிடாமல் கடைக்குப் போனேன். நீ டிபன் பாக்ஸைக் கொண்டுவந்து கல்லாப் பக்கத்தில் வைத்துவிட்டு, பஸ் பிடித்துப் போனாய்.

ஞாயிற்றுக்கிழமை பிடித்துக்கொண்டது மழை. நீ ஜே.இ.க்கு போன் போட்டாய். அவர் நாளைக்கு வருவதாகச் சொன்னார் போலிருக்கிறது. “நாளைக்கு வடிஞ்சிடும் சார். இப்பவே வாங்க, டீ போட்டு வைக்கிறேன்” என்றாய். குரலில் அவ்வளவு மரியாதை.

அவர் வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு, ஷூவைக் கையில் பிடித்தபடி வந்தார். நீ அவரை நம் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. நேராகப் பின் வீட்டுக்குக் கூட்டிப்போனாய். கஸ்தூரி அக்காவுக்கு வந்தவர் யாரென்று தெரியாது. “நல்ல நேரத்துக்கு வந்தப்பா. அந்தக் கட்டிலை ஒரு கை புடி, செங்கல் நழுவுது” என்றார். ஷூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு அந்த மனுஷன் கட்டிலைப் பிடித்தார். மேலே படுத்திருந்தவர் குழறலாகச் சொன்னார்: “வாங்க சார். உக்காரச் சொல்லலாம்... இடந்தான் இல்ல.”

முழங்கால் தண்ணீரில் நின்றபடியே அவருக்கு டீ கொடுத்தாய். அவர் குடித்துவிட்டு, “வேற அறிக்கை அனுப்பறேம்மா” என்றார்.

பதில் நாளன்று பாஸ் வாங்கிப் பேரவையின் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். அமைச்சர் தலை நிமிராமல் படித்தார்: ஆம், ஐயா. புதிய வாய்க்கால் கட்ட மதிப்பீடு தயாராகிறது. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். எனக்குத்தான் கண் கலங்கியது. எவ்வளவோ வியாபாரம் பார்த்திருக்கிறேன், இப்படிக் கலங்கியதில்லை. வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டது இதுதான்: “மைக்கு சரியா கேட்டுச்சா?”

வாய்க்கால் வர மேலும் ஒரு வருடம் இழுத்தார்கள். வந்த பிறகு வந்த மழைக்காலம் முழுக்க அந்தக் கட்டில் தரையிலேயே இருந்தது. அதற்கடுத்த மழைக்கு அவரும் இல்லை. கொஞ்ச காலத்தில் நீயும் இல்லை.

போன வாரம் உழவர்கரையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். நம் கடையில் வாங்கிய பைப் கசிகிறதாம். பிளம்பர் வேலை சரியில்லை, வெயிலில் போட்டிருப்பீர்கள் என்று போனிலேயே சொல்லக் கடைக்காரனுக்கு நூறு பதில் இருக்கிறது. ஒன்றையும் சொல்லாமல் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். தொட்டிக்கு அடியில் குனிந்து, தண்ணீர் மேலே கொட்டக் கொட்டக் கையை விட்டுத் தடவினேன். விரிசல் நம் பைப்பில்தான்.

“ஆமாம்மா, எங்க சரக்குலதான் கோளாறு. மாத்திக் குடுக்கறேன்” என்றேன்.

வீட்டுக்கு வந்து நனைந்த பேண்ட்டைக் கொடியில் போட்டேன். எங்கே போய் இப்படி நனைஞ்சீங்க என்று கேட்க ஆளில்லை. கேட்டிருந்தால், சொல்ல என்னிடம் நல்ல பதில் இருந்தது.