நான்கு முறை பிரிந்த தையல்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன்னையும் மருமகளையும் பற்றிக் கடைசியில் விசாரிக்கிறேன். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வண்டியை நான் விற்கவில்லை. விற்கப்போவதுமில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ பாதியில் குறுக்கே வருவாய். கடிதத்தில் வர முடியாது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு நீ அனுப்பிய புரோக்கர் வந்தார். கட்டி இழுத்துப் போகிற லாரியையும் கையோடு கொண்டுவந்து வாசலை அடைத்து நிறுத்தினார். காலைத் துடைக்காமல் உள்ளே வந்து, "தம்பி எல்லாம் பேசி முடிச்சிட்டாரும்மா. நீங்க சாவியக் குடுத்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார். வண்டி யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். "உங்க பேர்லதான்" என்றார். "அப்போ தம்பி பேசினது தம்பியோட வண்டியைப் பத்தி இருக்கும். அங்க போய் எடுத்துக்குங்க" என்றேன். ஓடாத வண்டி, பாகம் பாகமாகப் பிரித்து விற்கத்தான் ஆகும் என்று இரண்டு தடவை சொன்னார். சனிக்கிழமை மறுபடி வருவதாகவும் அதற்குள் நான் யோசித்து வைக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குத் தெரியாமல் நீ செய்த ஏற்பாடு அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வண்டி ஓடவில்லை என்று நீ அவரிடம் சொன்னது பொய் இல்லை. அப்பா போனபின் நான்கு மாதம் அது ஷெட்டிலேயே நின்றது. ஹைப்ரிட் வண்டியில் இரண்டு பேட்டரி. சின்னது வண்டியை எழுப்பிவிடும், பெரியது எஞ்சினோடு சேர்ந்து இழுக்கும். நின்ற இடத்திலேயே சின்னது செத்துப்போனது. ரிமோட்டை அழுத்தினால் கதவுகூடத் திறக்கவில்லை. ரிமோட்டுக்குள்ளேயே ஒரு மெல்லிய சாவி ஒளிந்திருக்கிறது, அதன் மேல் "அவசரத்துக்கு" என்று சீட்டு ஒட்டிவைத்திருந்தார் அப்பா. ஜப்பானிலிருந்தே வந்த வண்டி, அதில் ஜப்பான் எழுத்து போட்ட ஒவ்வொரு பொத்தானுக்கும் அவர் கையால் ஒரு சீட்டு உண்டு, நீதான் பார்த்திருக்கிறாயே.

புதுச் சின்ன பேட்டரி போட்டதும் வண்டி எழுந்தது. ஆனால் ரோட்டில் இருபது நிமிடம் போனதும் மீட்டரில் சிவப்பு எச்சரிக்கை முக்கோணம் எரிந்தது. வேகம் குறைந்து, பள்ளிக்கூடம் போக மனசில்லாத பிள்ளை மாதிரி இழுத்துக்கொண்டு ஓரமாய் நின்றுவிட்டது. இரண்டு முறை இப்படி ஆயிற்று. பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஒரு மெஷினைச் செருகிப் பார்த்து, பெரிய பேட்டரி முடிந்துவிட்டது, மாற்றுவதைவிட வண்டியைத் தள்ளிவிடுவது மேல் என்றார்கள். அதை உன்னிடம் போனில் சொன்னது என் தவறு.

இன்னொன்றையும் நீ ஞாபகம் வைத்திருப்பாய். ஏமாந்து வாங்கிய வண்டி என்று ஏழு வருடமாக நானே அப்பாவைக் குத்திக்காட்டி வந்திருக்கிறேன். வாங்கியது அவர், அவருக்குக் கண் சரியில்லாததால் ஓட்டியது நான். வருடத்துக்கு மூன்று முறையாவது பின் சீட்டை மடக்கிப் பலகை போட்டு, படுக்கை விரித்து, ஊர் ஊராகப் போனோம். அவ்வளவு தூரம் போன வண்டியைத்தான் குறை சொன்னேன். சரி, எழுதத் தொடங்கிவிட்டேன், முழுதாக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை பஸ் டிப்போவுக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் வண்டி எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன். மெஷின் எதையும் அவர் செருகவில்லை. "நீங்க ஓட்டுங்கம்மா, நான் கேட்டுக்கிட்டு வரேன்" என்று இரண்டாவது வரிசையில் இடது பக்கமாக உட்கார்ந்தார். அது அப்பாவின் இடம். கண்ணாடியில் ஒரு தலை தெரிந்தது. நான் பார்வையைச் சாலையிலேயே வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தச் சொன்னார். சீட்டுக்குக் கீழே, தரையை ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்தத் துணியை யாரும்மா தைச்சது?" என்று கேட்டார். "நான்தான். ஏன், தையல் சரியில்லையா?" என்றேன்.

"தையல் ரொம்பச் சரியா இருக்கு. அதான் பிரச்சனை."

அந்த இடத்தில் ஒன்றரைக் கை அகலத்துக்கு ஒரு கறுப்புச் சல்லடை இருக்கிறது. சீட்டுகளுக்கெல்லாம் நான் வெளிர்மஞ்சள் உறை தைத்தபோது அது மட்டும் தூசி படிந்து விகாரமாகத் தெரிந்தது. அதற்கும் அளவெடுத்து நான்கு பக்கமும் இழுத்துத் தைத்துவிட்டேன். பெரிய பேட்டரி மூச்சு வாங்கும் வழி அதுதானாம். உள்ளே ஒரு விசிறி காற்றை இழுத்து பேட்டரியின் சூட்டைத் தணிக்க வேண்டும். அதன் வாயைத்தான் நான் அழகாகக் கட்டிவைத்திருக்கிறேன்.

தைத்த அன்றே அப்பா, "அதை மூட வேண்டாமே, வண்டிப் புஸ்தகத்துல என்னமோ படம் போட்டிருக்கு" என்றார். ஜப்பான் பாஷை எப்போது படித்தீர்கள் என்று கேட்டேன். அவர் மறுபடி சொன்னார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

எலெக்ட்ரீஷியன் துணியின் கீழ் ஓரத்தைத் திருப்பிக் காட்டினார். "யாரோ இதை மூணு நாலு தடவை பிரிச்சிருக்காங்களே" என்றார். ஒன்றன்மேல் ஒன்றாக ஊசித்துளைகள், நான்கு நிறத்தில் மிச்ச நூல். நான்கையும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறை கீழ்த்தையல் விட்டுப்போனபோதும் எலி கடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, முன்னைவிட இறுக்கித் தைத்தவள் நான்தானே. கான்வென்ட்டில் தையல் ஒரு நூல் தளர்ந்தாலும் சிஸ்டர் முழுவதையும் பிரித்துப் போடச் சொல்வார், அந்தக் கை எனக்கு. வண்டிக்குள் பொறி வைக்கும்படி அப்பாவிடம் சொன்னேன். அவரும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஒரு வாரம் பொறி வைத்தார். காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இன்னிக்கும் மாட்டலை, கெட்டிக்கார எலி" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

நான் ஓட்டும்போது அவர் முன்னால் உட்கார்ந்ததே இல்லை. "உன் வேகத்துக்குப் பின்னால இருந்தாத்தான் உயிருக்கு உத்தரவாதம்" என்பார். நான் அவரை முதலாளி என்று கேலி செய்வேன். இடது கையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைசியாக நான் தைத்தது அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது. அதைப் பிரிக்க ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை முழுவதும் வேலை நடந்தது. விசிறியைக் கழற்றியபோது அதில் பாதித் தலையணை அளவுக்குப் பஞ்சு இருந்தது, என் துணியின் பஞ்சுதான். பெரிய பேட்டரிக்குள் வரிசையாக இருக்கும் செல்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். சோர்ந்திருந்தவை இரண்டே இரண்டு. அவற்றை மட்டும் மாற்றினார். ஒர்க்‌ஷாப்காரர்கள் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்.

சனிக்கிழமை உன் புரோக்கர் லாரியோடு வந்தார். அவரை இரண்டாவது வரிசையில் உட்காரவைத்து, ஏசியைப் போட்டு, பாலம் ஏறி இறங்கி நாற்பது நிமிடம் ஓட்டினேன். முக்கோணம் எரியவில்லை. இறங்கும்போது, "இப்ப வேற விலை பேசலாம்மா" என்றார். காலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தால் தண்ணீர் தருகிறேன், விலை பேச வேண்டாம் என்றேன்.

இனி உன் விஷயம். அப்பா ஏன் என்னிடம் நேராகச் சொல்லவில்லை என்று நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பதில் தெரியாதவள் மாதிரி. நீயும் அவர் பிள்ளைதான். எனக்கு வலிக்கும் என்று புரோக்கரோடு பேசினாய். எனக்கு வலிக்கும் என்று என்னை அங்கேயே வைத்துக்கொள்ள உன் வீட்டுப் பின்னறையில் கட்டில் வாங்கிப் போட்டதை மறைத்தாய். மருமகள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள், அவளைத் திட்டாதே. அவர் பிரிக்க, நான் தைக்க, ஏழு வருடம் ஓடிவிட்டது. உன்னோடு அப்படி ஓட்ட என்னிடம் ஏழு வருடம் இருக்குமோ என்னவோ.

அதனால் நானே வருகிறேன், இந்த வண்டியில். அடுத்த மாதம் பத்தாம் தேதி காலை கிளம்பி, வழியில் ஓர் இரவு வண்டியிலேயே படுத்து, பதினொன்றாம் தேதி மாலை சேருவேன். அறுநூற்று இருபது கிலோமீட்டர். பக்கத்து வீட்டு நர்ஸம்மா கூட வருகிறாள். அவள் இடம் இரண்டாவது வரிசை. அரை மணிக்கு ஒரு தரம் சல்லடைப் பக்கம் கை வைத்துக் காற்று இழுக்கிறதா என்று சொல்ல வேண்டும். "நான் நர்ஸா, உங்க வண்டி கிளீனரா?" என்று கேட்டாள். மூச்சு இருக்கிறதா என்று பார்ப்பது உனக்குப் பழகிய வேலைதானே என்றேன்.

வயதைப் பற்றி நீ எழுத வேண்டாம். கண் டாக்டரிடம் போன மாதம்தான் சான்று வாங்கினேன், நகல் இணைத்திருக்கிறேன். உன் குடியிருப்பில் கார் நிறுத்துமிடத்தின் நுழைவாயில் உயரத்தை டேப் வைத்து அளந்து எழுது, குத்துமதிப்பாக வேண்டாம். மேலே பெட்டி வைத்தால் வண்டி இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் வரும்.

மருமகளுக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது? நீ நேரத்துக்குத் தூங்குகிறாயா? இருவரும் நோயில்லாமல், மனக்குறை இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

வந்ததும், என்னிடம் சொல்ல வேண்டியதை என் முகத்தைப் பார்த்துச் சொல். கட்டிலைப் பற்றியும் சொல். எனக்குக் கோபம் வரும். இரண்டு நாள் உன்னோடு பேச மாட்டேன். மூன்றாம் நாள் பேசுவேன். அதையெல்லாம் கணக்குப் பண்ணித்தான் ஐந்து நாள் தங்குவதாக வைத்திருக்கிறேன்.

என்றும் உன் நன்மையை வேண்டும்,
அம்மா