காலி என்று சொன்ன திரை

பம்பாய்
12.2.98

அன்புள்ள அப்பாவுக்கு ஜயலக்ஷ்மியின் நமஸ்காரங்கள். நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? ஸ்ரீவில்லிபுத்தூரில் பனி குறைந்ததா?

நேற்று ஆபீஸில் ஒரு அதிசயம் பார்த்தேன். கவலைப்படும்படி ஒன்றும் ஆகிவிடவில்லை. நாங்கள் அச்சுக்குத் தயாரிக்கும் புத்தகங்களைச் சேமித்து வைக்க, டிபன் பாக்ஸ் அளவில் ஒரு டிரைவ் உண்டு. அதை விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினேன். 'இந்த டிஸ்க் ஃபார்மேட் ஆகவில்லை, இப்போது செய்யட்டுமா?' என்று திரை கேட்டது. யாரோ புது காலி டிஸ்க்கை வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நானும் சரி சொல்லப் போனேன்.

"ஏம்மா, கைய எடு! எல்லாம் அழிஞ்சிரும்!" என்று கத்தினார் பக்கத்து மேஜை ஐயாதுரை அண்ணன். நம் சேத்தூர்க்காரர். டிரைவைக் கழற்றி, மெக்கின்டாஷ் என்ற வேறு வகைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். நாலு மாத உழைப்பு, நானூறு பக்கமும் அப்படியே திறந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

"டிஸ்க் காலியில்லம்மா. அந்த மிஷினுக்கு இதப் படிக்கத் தெரியல, அம்புட்டுதான்" என்றார்.

அறைக்கு வந்ததும் உங்கள் கடிதங்களை எடுத்தேன். எல்லாமே இரண்டு வரி. 'நலம். மதுரை பஸ் இப்போது ஐந்து பத்துக்கு வருகிறது.' மதுரைக்கே போகாத அப்பா இதை எதற்கு எழுதுகிறார் என்று அன்று மடித்து வைத்துவிட்டேன். நான் மதுரையில் ரயிலிறங்கி ஊருக்கு வருகிற பஸ் அல்லவா அது! இந்த முழங்காலோடு தினமும் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்கிறீர்களா அப்பா?

என் பழைய தலையணை உறை ஒன்று அனுப்புங்கள். இங்கே வாங்கியது உறுத்துகிறது. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

பஸ் நேரம் மறுபடி மாறினால் உடனே எழுதுங்கள்.

ஜயா