ஆத்தாவுக்கு முந்தி எடுத்த கூழ்

அடியே,

இன்றைக்கு ஆடி ஞாயிறு. கீழே எங்கள் அடுக்குமாடி வாசலில் ஷாமியானா போட்டு, அண்டா வைத்துக் கூழ் ஊற்றுகிறார்கள். எதிர் வீட்டுப் பெண் காகிதக் கப்போடு படியேறி வந்தவள், நீட்டாமல் தயங்கி நின்றாள். "ஆன்ட்டி, நீங்க கிறிஸ்டியன்ஸ் இல்ல? இது சாமிக்குப் படைச்சது. சாப்பிடுவீங்களா?" என்று கேட்டாள். அதற்குள் புளித்த கேழ்வரகின் வாசனையும் சின்ன வெங்காயத்தின் வாசனையும் என் மூக்கில் ஏறிவிட்டன. "சாப்பிடுவேம்மா. இன்னொரு கப் கிடைக்குமா?" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து கொடுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு கப் கூழுக்கு இந்த வயதில் இப்படி அழுவாளா ஒருத்தி என்று நீ கேட்பாய். எல்லாம் உன்னால் வந்த வினைதான்.

அப்போது சிட்லபாக்கத்தில் வீடுகளைவிட வெளிதான் அதிகம். ஏரிக்கு இந்தப் பக்கம் எங்கள் ஓட்டு வீடு, அந்தப் பக்கம் உங்கள் குடிசை வரிசை. கடலோரக் குப்பத்திலிருந்து உன் தம்பி பஸ்ஸில் கொண்டுவரும் மீன் கூடையைத் தாம்பரத்தில் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக விற்று வருவாய். முதல் நாள் நான் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். "இன்னா டீச்சர், பரிச்ச பேப்பரா திருத்துற? மீனு பாஸுதான், எட்த்துக்கோ" என்றாய். என் வாழ்க்கையில் என்னிடம் அப்படிப் பேசிய முதல் ஆள் நீ. கோபம் வந்திருக்க வேண்டும், சிரிப்புதான் வந்தது. பிறகு தினமும் கூடை காலியானதும் எங்கள் பின்கட்டுப் படியில் வந்து உட்கார்ந்துகொள்வாய். ஊர்க்கதை, புருஷன் கதை, மாமியார் கதை எல்லாம் அங்கேதான். உன் மகள் மல்லிகா என் வகுப்பில்தான் படித்தாள்.

முதல் ஆடிக்கு நீ தூக்குச்சட்டியில் கூழ் கொண்டுவந்தாய். வராந்தாவில் என் மாமனார் உட்கார்ந்திருந்தார். சபையில் உபதேசியார், விக்கிரகத்துக்குப் படைத்தது எதுவும் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்பது அவர் சட்டம். "படைச்சதா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார். "ஆமாங்கய்யா, ஆத்தாவுக்கு ஊத்திட்டுத்தான்..." என்று நீ இழுத்தாய். வேண்டாம் என்று தலையாட்டினார், அவ்வளவுதான். நீ திரும்பிப் போனாய். நான் உள்ளேயிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நீயா விடுகிற ஆள்! மறு வருஷம் கோயிலில் பம்பைச் சத்தம் கேட்பதற்கு முன்பே, விடிந்தும் விடியாமலும் வந்து நின்றாய். பின்னால் மல்லிகா, கன்னத்தில் மஞ்சளும் கையில் வெங்காயக் கிண்ணமுமாக. "உபதேசியாரய்யா, இது படைக்காதது. என் வூட்டு அடுப்புலேர்ந்து நேரா எட்த்துகினு வந்தது. ஆத்தாவுக்கே இன்னும் ஊத்தல. இப்போ இன்னா சொல்றீங்க?" என்றாய். மாமா டம்ளரை நீட்டினார். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "கருவாட்டுக் குழம்பு கொண்டாரலையாம்மா?" என்றும் கேட்டார். வெங்காயக் கிண்ணத்தைப் பார்த்தால் பாதி காலி. வழியிலேயே மல்லிகா மென்றுகொண்டு வந்திருக்கிறாள். "எங்கம்மா வெங்காயம்தான டீச்சர்" என்று என்னிடமே நியாயம் பேசினாள்.

வருஷாவருஷம் அப்படியே நடந்தது. வீட்டுக்கு வீடு காய்ச்சிய கூழைக் கோயில் அண்டாவில் ஊற்றி, படைத்து, அப்புறம்தான் யாரும் வாயில் வைப்பது உங்கள் வழக்கம். அதை மீறி நீ எங்களுக்கு முதல் சட்டியை எடுத்தாய். கிறிஸ்துமஸுக்கு நான் கேக் கொடுத்தால் மட்டும், "இத்த உன் சாமிக்குக் காட்டிட்டுத்தானே எனக்குத் தர்ற? நான் எதனா கேட்டனா?" என்று குத்துவாய். மாமா காதில் விழ வேண்டும் என்றே உரக்கச் சொல்வாய். அவரும் பேப்பருக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பார்.

ஒரு கோடையில் மல்லிகாவுக்கு அம்மை வந்தது.

உன் கூடை நின்றுபோனது. குடிசை வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். பொறுக்க முடியாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். என்னைக் கண்டதும் உன் மாமியார் மார்பில் அடித்துக்கொண்டாள். "தோ, வந்துட்டா பாரு! ஆத்தாவுக்குப் போக வேண்டிய மொத சட்டி இவ வூட்டுக்குத்தானே போச்சு! ஆத்தா இப்போ கொயந்தைகிட்ட கேக்குறா!" தெருவே நின்று என்னைப் பார்த்தது. நீ வெளியே வந்தாய், உன் தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. மாமியாரைப் பார்த்து, "வாய மூடிகினு உள்ள போ" என்றாய். என்னைப் பார்த்து, "நீ வூட்டுக்குப் போ டீச்சர்" என்றாய். உன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

மல்லிகா போய்விட்டாள். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் பெயர் வருகிற இடத்தைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போய்விடுவேன். அம்மை ஒரு நோய் என்று பாடம் நடத்துகிறவள் நான், கூழுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அந்தத் தெருவில் அதைச் சொல்ல எனக்கு வாய் ஏது? நீ என் பக்கம் வரவே இல்லை. இனி வரமாட்டாய் என்று நினைத்தேன்.

ஆடி பிறந்தது. முதல் ஞாயிறு விடியற்காலையில் பின்கட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்தால் நீ. அதே தூக்குச்சட்டி. பின்னால் யாரும் இல்லை.

"படைக்காததுதான். குடி" என்றாய்.

"உனக்குப் பைத்தியமாடி? இதுக்குத்தானே உன்னை அவ்வளவு பேச்சு பேசினாங்க?"

"பேசினா பேசட்டும். இத்த நிறுத்திட்டேன்னா, நான்தான் என் கொயந்தையக் கொன்னேன்னு ஆயிடும். நான் கொல்லல டீச்சர். நீ குடி."

என்னால் குடிக்க முடியவில்லை. அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை. சட்டியை வாங்கிக்கொண்டு, "நட" என்றேன். சபைக்குப் போகிற வெள்ளைப் புடவையோடு உன் பக்கத்தில் கோயில்வரை நடந்தேன். நம் இருவரையும் பார்த்துப் பம்பைக்காரர்களே ஒரு நிமிஷம் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். சட்டியை உன் கையில் கொடுத்தேன். எல்லாரும் பார்க்க நீ அதை அண்டாவில் ஊற்றினாய். படைக்கும்வரை காத்திருந்தேன். பிறகு வரிசையில் நின்றேன்.

கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது உன் மாமியார். என்னைப் பார்த்ததும் அவள் கை நின்றது. நான் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டியபடியே நின்றேன். ஊற்றினாள். நான் குடித்தேன். "வெங்காயம் போடட்டா?" என்று மெதுவாகக் கேட்டாள். அந்த வார்த்தையில் உடைந்தோம், அவளும் நீயும் நானும். அண்டாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கிழவி அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அதற்கப்புறம் உன்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வீட்டில் மாமா கேட்டார், "படைச்சதா?" "ஆமா மாமா" என்றேன். அந்த ஆடி முழுக்க என் கையால் சாப்பிடவில்லை மனுஷன். ஞாயிறு பள்ளியில் நான் எடுத்துவந்த வகுப்பும் போனது. போகட்டும் என்று இருந்தேன். நீ மீண்டும் பின்கட்டுப் படிக்கு வந்து உட்கார்ந்தாயே, எனக்கு அது போதும்.

ஆனால் உன்னை நான் மன்னிக்காத ஒன்று இருக்கிறது. எழுபதுகளின் கடைசியில் உடம்புக்கு முடியாமல் குப்பத்துக்கு, உன் தம்பி வீட்டுக்குப் போனாய். "நல்லாயிட்டு வந்துர்றேன், மீன வேற யாருகிட்டயும் வாங்காத" என்றாய். நானும் வாங்காமலே இருந்தேன். ஒரு நாள் உன் தம்பி காலிக் கூடையோடு வந்து நின்றான். கருமாதியும் முடிந்துவிட்டதாம். "டீச்சர் வந்துச்சா, டீச்சர் வந்துச்சான்னு வாசலையே பாத்துகினு இருந்துச்சு" என்றான். பாவிகளா, ஒரு சொல் சொல்லி அனுப்ப உங்களில் ஒரு ஆள் இல்லையா? பஸ் ஏறினால் வந்திருப்பேனே! வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாயே, என்னைக் கூப்பிடச் சொல்லி நீயாவது கத்தியிருக்கக்கூடாதா? எதற்கெல்லாம் கத்துவாய்!

முதல் கப்பை நான் குடித்துவிட்டேன். கருவாடு இல்லை, காரம் போதவில்லை, உன் கைக்கு வராது. இரண்டாவது கப்பை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். செத்தவர்களுக்குப் படைக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. மாமா இருந்தால் அதே கேள்வியைத்தான் கேட்பார். இல்லை மாமா, நான் படைக்கவில்லை. அவள் எனக்கு எடுத்துவைத்த மாதிரி, நான் அவளுக்கு எடுத்துவைத்திருக்கிறேன்.

வெங்காயத்தை மட்டும் தனிக் கிண்ணத்தில் நிறைய அரிந்து வைத்திருக்கிறேன். மல்லிகாவையும் கூட்டிக்கொண்டுதானே வருவாய்.